கூரைக்குக் கை கொடுக்கும் நாலு குழாய்

விக்டோரியா மாநில ஆஸ்பத்திரிகளில் நர்ஸாகச் சேர்ந்தால், மருந்து ட்ராலியைத் தொடும் முன்பே ஒரு பாடம் எடுத்துவிடுவார்கள்: நோயாளியைக் கையால் தூக்கக் கூடாது. இங்குள்ள நர்ஸ்கள் சங்கம் 1998-ல் கொண்டுவந்த கொள்கை அது. அதற்கு முன்னால் முதுகு போய் வேலையை விட்டவர்கள் ஏராளம். இன்று தூக்குவதற்கு ஹாய்ஸ்ட் இருக்கிறது, நகர்த்துவதற்கு வழுக்கு விரிப்பு இருக்கிறது. மீறிக் கையால் தூக்கினால் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

மதுரையில் நர்சிங் முடித்து மெல்பர்ன் வந்து, இந்த விதிக்குப் பழகிப்போன எனக்கு, லீவு நாட்களில் மட்டும் ஒரு கூரை காத்துக்கொண்டிருந்தது. எங்கள் கேரவனின் கூரை. இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மூச்சை அடக்கி ஒரே தள்ளு. வார்டில் இதைச் செய்தால் எழுதிக் கேட்பார்கள். யூகலிப்டஸ் காட்டுக்குள் யார் கேட்பது?

பாப்-டாப் கேரவனைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கேரவன் என்பது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. முழு உயரக் கேரவன் நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போகும், பெட்ரோலையும் அதற்கேற்றபடி குடிக்கும். பாப்-டாப்பில் கூரை மட்டும் தனி. ஓடும்போது சுவர்களின் மேல் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். நிறுத்திய இடத்தில் உள்ளிருந்து தள்ளினால் சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி நிற்கும். அந்த இடைவெளியைச் சுற்றிலும் கேன்வாஸ் துணி. குனிந்து நடந்தவர் நிமிர்ந்து நின்று தோசை வார்க்கலாம்.

இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் ஊரில் மார்ட்டின் வால்டர் கம்பெனி செய்த டார்மொபீல் வண்டிகளும், ஃபோக்ஸ்வாகன் வேன்களுக்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா போட்டுக்கொடுத்த கூரைகளும் இந்த வகையில் பேர்போனவை. ஆஸ்திரேலியாவில் இது இன்னும் சாதாரணம். 1975-ல் மெல்பர்னில் தொடங்கிய ஜேக்கோ உட்படப் பல கம்பெனிகள் பாப்-டாப் கேரவன்களைச் செய்து தள்ளியிருக்கின்றன. வாங்குகிறவர்களில் நிறையப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள். வீட்டைப் பூட்டிவிட்டு, கண்டத்தைச் சுற்றி ஓடும் 14,500 கிலோமீட்டர் ஒன்றாம் நம்பர் நெடுஞ்சாலையில் மாதக்கணக்கில் அலைவார்கள். ஆக, அந்தக் கூரையைத் தினமும் தூக்க வேண்டிய கைகள் 65, 70 வயதுக் கைகள்.

புது வண்டியில் கூரை பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். வண்டிக்கு வயது ஏற ஏறத்தான் கூரைக்கும் கனம் ஏறுகிறது. யாரோ ஒருவர் மேலே ஏசி வைக்கிறார். கேரவன் கூரை ஏசி ஒன்று 30 முதல் 45 கிலோ. அடுத்தவர் ஒரு சோலார் பேனல் போடுகிறார், கண்ணாடி வைத்தது என்றால் அது ஏழெட்டுக் கிலோ. பழைய கூரை நடுவில் லேசாகக் குழிந்தால் மழைத்தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு கிலோ. எங்கள் கூரை கிட்டத்தட்ட பத்து சதுர மீட்டர். இரண்டு மில்லிமீட்டர் தேங்கினாலே 20 கிலோ கூடிவிடும். நாங்கள் வாங்கியது இரண்டாம் கை வண்டி. ஏசி, பேனல் இரண்டும் ஏற்கெனவே ஏறியிருந்தன. ஏசி பின்பக்கம், கட்டிலுக்கு நேர் மேலே.

கூரையை வழிநடத்த முன்சுவரிலும் பின்சுவரிலும் ஒவ்வொரு மடக்குக் கை உண்டு. தள்ளும்போது மடங்கியது நிமிர்ந்து, கடைசியில் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். சில மாடல்களில் இந்தக் கையோடு சுருள் ஸ்பிரிங் சேர்த்திருப்பார்கள், பாதிச் சுமையை அது வாங்கிக்கொள்ளும். எங்களுடையதில் ஸ்பிரிங் கிடையாது. என் தோள்பட்டை ஒரு பொங்கல் லீவில், அதாவது இங்கே கோடை லீவில், இனி முடியாது என்று சொல்லிவிட்டது. வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே முட்டி சரியில்லை. கேரவனை விற்பதா, கூரைக்கு கேஸ் ஸ்ட்ரட் போடுவதா என்ற பேச்சு அப்போதுதான் வந்தது.

கேஸ் ஸ்ட்ரட்டை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். காரின் டிக்கிக் கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் கறுப்புக் குழாயும் பளபளக்கும் கம்பியும் நீண்டு கதவைத் தாங்கி நிற்குமே, அதுதான். குழாய்க்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்து, கொஞ்சம் எண்ணெயும் விட்டு, நிரந்தரமாக மூடியிருப்பார்கள். நைட்ரஜன் எதோடும் சட்டென்று வினை புரியாது, உள்ளே துருப்பிடிக்க வைக்காது.

சைக்கிள் பம்பு மாதிரி வாயு ஒரு பக்கம் இருந்துகொண்டு பிஸ்டனை மறுபக்கம் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் வாயு இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் நிற்கிறது. ஆனால் ஒரு பக்கத்தில் கம்பி இருப்பதால் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு அளவுக்கு அங்கே வாயு அழுத்தும் பரப்பு குறைகிறது. அந்த வித்தியாசம்தான் கம்பியை வெளியே தள்ளும் விசை. கடைசியில் நாங்கள் கூரையின் பின்பக்கத்துக்கு வாங்கிய ஸ்ட்ரட்டில் கம்பி 8 மி.மீ. கனம், விசை 225 நியூட்டன். கணக்குப் போட்டால் உள்ளே ஏறக்குறைய 650 பி.எஸ்.ஐ. அழுத்தம் வருகிறது. உங்கள் கார் டயரில் இருப்பது 35 வாக்கில்தான். ஆகவே பழைய ஸ்ட்ரட்டைத் துளை போட்டுப் பார்ப்பது, நெருப்பில் போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

குழாயின் மேல் எழுதியிருக்கும் நியூட்டன் கணக்கைக் கிலோவாக மாற்றுவது சுலபம். பத்து நியூட்டன் தோராயமாக ஒரு கிலோ. 225 என்றால் 23 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

இங்கேதான் எங்கள் வீட்டில் வாக்குவாதம்.

"அதுக்கு ஏன் இவ்வளவு கணக்கு? நானூறு போட்டுடலாம். பட்டனைத் தட்டின மாதிரி தானா மேல போயிடும்" என்றார் வீட்டுக்காரர்.

"தானா மேல போறது சரிங்க. தானா கீழ யார் இறக்குறது?" என்றேன்.

நாற்காலியில் இருந்து எழும் நோயாளியை நாங்கள் முழுக்கத் தூக்கிவிட மாட்டோம். இடுப்பு பெல்ட்டைப் பிடித்து, அவர் காலில் எவ்வளவு தெம்பு குறைகிறதோ அவ்வளவு மட்டும் தருவோம். கூடுதலாக இழுத்தால் அவர் முன்பக்கம் சாய்வார். ஸ்ட்ரட்டும் அப்படித்தான் இருக்க வேண்டும். கூரையின் எடையில் முன்பக்கமும் பின்பக்கமும் நாலு கிலோ அளவுக்குப் பாக்கி விட்டு மற்றதை அது ஏந்திக்கொள்ள வேண்டும். அந்தப் பாக்கிதான் கூரையைத் திரும்பக் கீழே கொண்டுவரும். பலமான ஸ்ட்ரட் நல்ல ஸ்ட்ரட் என்ற நினைப்பில் வாங்கி, மாலையில் சுகமாகத் திறந்து, காலையில் இரண்டு பேர் கூரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் காட்சியை இங்கே கேரவன் பார்க்குகளில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை எடை பார்ப்பது. கம்பெனிக் காகிதத்தில் இருக்கும் எடையை நம்பக் கூடாது, ஏசியும் பேனலும் அதில் வராது. எங்களுக்குப் பயன்பட்டது வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷின். மழை இல்லாத நாளாகப் பார்த்து, கூரைக் கொக்கிகளை எல்லாம் கழற்றிவிட்டு, கேரவனின் பின்பக்கத் தரையில் மெஷினை வைத்தோம். அதன் மேல் காரின் ஜாக்கி, ஜாக்கியின் மேல் கூரையின் குறுக்குச்சட்டம் வரை எட்டும் ஒரு மரக்கட்டை. ஜாக்கியை மெதுவாகச் சுற்ற, கூரை சுவரை விட்டு ஒரு விரல் அளவு எழும்பியதும் எண்ணைப் படித்து, அதில் ஜாக்கி, கட்டை இரண்டின் எடையையும் கழித்தோம். பிறகு முன்பக்கம் இதே போல. பின்பக்கம் 42 கிலோ, முன்பக்கம் 30. மொத்தம் 72.

இந்த 12 கிலோ வித்தியாசம் முக்கியம். நாலு மூலைக்கும் ஒரே ஸ்ட்ரட் என்று வாங்கியிருந்தால் முன்பக்கம் துள்ளும், பின்பக்கம் தொங்கும். ஏசியின் இடம்தான் இந்தக் கணக்கைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது கோணம். இதில்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். டிக்கிக் கதவு ஒரு பக்கம் கீல் வைத்தது. பாப்-டாப் கூரையோ நேராக மேலே ஏறுவது. 40 சென்டிமீட்டர் ஏறும் கூரைக்கு ஸ்ட்ரட்டைச் செங்குத்தாக வைக்க இடம் கிடையாது. சாய்த்துத்தான் வைக்க முடியும். அதன் ஒரு முனை கூரையின் உள்விளிம்பில், மறுமுனை சுவரின் மேல்சட்டத்தில். கூரை மூடியிருக்கும்போது ஸ்ட்ரட் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும். படுத்துக் கிடக்கும் ஸ்ட்ரட் பக்கவாட்டில்தான் தள்ளும், மேல்நோக்கித் தள்ளுவது கொஞ்சம்தான். கூரை ஏற ஏற ஸ்ட்ரட் நிமிரும், உதவி கூடும். அதாவது உங்களுக்கு உதவி அதிகம் தேவைப்படும் முதல் தள்ளில் அது சோம்பேறியாக இருக்கும், கடைசியில் கை ஓய்ந்த பிறகு முழுப் பலத்தையும் காட்டும்.

எண்ணாகவே சொல்கிறேன். மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உயர வித்தியாசம் 6 சென்டிமீட்டர் மட்டும் இருந்தால், எங்கள் பின்பக்க இரண்டு 225 நியூட்டன் ஸ்ட்ரட்டும் சேர்ந்து முதல் தள்ளில் தரும் உதவி வெறும் 11 கிலோ. கீழ்முனையை இன்னும் 4 சென்டிமீட்டர் இறக்கினால் அதே ஸ்ட்ரட்டுகள் 17 கிலோ தருகின்றன. காசு ஒன்றும் கூடவில்லை, ஆணி அடிக்கும் இடம்தான் மாறியது. இந்தக் கணக்கில் இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. கம்பி உள்ளே போகப் போக வாயுவுக்கு இடம் குறைந்து அழுத்தம் ஏறும். மூடிய நிலையில் விசை, குழாயின் மேல் எழுதியதைவிட 30 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக இருக்கும். அது இல்லாவிட்டால் முதல் தள்ளு இன்னும் கடினமாகியிருக்கும்.

அப்படியானால் இன்னும் பத்து சென்டிமீட்டர் இறக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடியாது. இறக்க இறக்க ஸ்ட்ரட் விரியும் தூரம் கூடும். விரியும் தூரம் கூடினால் மடங்கிய நீளமும் கூடியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கம்பி முழுவதும் குழாய்க்குள் போய் உட்கார வேண்டும். அதற்கு மேல் பிஸ்டன், சீல், இரண்டு முனைப் பொருத்துகள் என்று எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வேறு வேண்டும். எங்கள் கணக்கில் மூடும்போது முனைக்கு முனை 34.5 சென்டிமீட்டர், திறக்கும்போது 60. அதைத் தாண்டினால் அந்த நீளத்துக்குள் மடங்கும் ஸ்ட்ரட் கடையில் இருக்காது. நான் இரண்டு மெல்லிய மரச்சட்டத்தை ரப்பர் பேண்டால் கட்டி, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்படி செய்து, கூரையை ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்தேன். அலமாரிக் கதவில் இடிக்கிறதா, கேன்வாஸ் மடிப்பு நடுவில் சிக்குகிறதா என்பதெல்லாம் காகிதத்தில் தெரியாது, இந்தச் சட்டத்தில் தெரிந்துவிடும்.

இனி வீட்டுக்காரரின் 400 நியூட்டனை இதே இடத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தள்ளுக்கு 31 கிலோ உதவி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூரை முழுக்க ஏறிய பிறகு பின்பக்க ஜோடி மேலே தள்ளுவது 68 கிலோ. கூரையின் பின்பாதி 42-தான். மூடுவதற்கு 26 கிலோவைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஐந்தடி உயரக்காரி நான், எதைப் பிடித்து இழுப்பது? அதோடு அந்த மிச்ச விசை இரவு பகலாகக் கூரைச் சட்டத்தை வளைத்துக்கொண்டே இருக்கும்.

பின்பக்கத்துக்கு 225, முன்பக்கத்துக்கு 150 என்று எழுதி எடுத்துக்கொண்டு டான்டினோங் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்ட்ரட் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த ஊர் குளிருக்கு, எந்த ஊர் வெயிலுக்கு?"

நல்ல கேள்வி. மூடிய குழாய்க்குள் வாயுவின் அழுத்தம் சூட்டில் கூடும், குளிரில் குறையும். பத்து டிகிரிக்கு மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். குழாயின் மேல் எழுதும் விசை 20 டிகிரிக்கானது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மில்டுராவில் ஜனவரி மதியம் கூரைக்கு அடியில் 45 டிகிரி சாதாரணம். மலையடிவார பிரைட் ஊரில் குளிர்கால விடியலில் தண்ணீர்க் குழாய் உறைந்திருக்கும். எங்கள் பின்பக்க ஜோடி திறந்த நிலையில் 20 டிகிரியில் தாங்குவது 38 கிலோ. பூஜ்யத்தில் அது 36 ஆகும், 45 டிகிரியில் 41.5 ஆகும். கூரை 42. வெயிலில் அரைக் கிலோதான் பாக்கி, ஆனாலும் பாக்கி இருக்கிறது. இருபது டிகிரியிலேயே சரிசமமாக நிற்கும்படி வாங்கியிருந்தால் மில்டுராவில் கூரை இறங்க மறுத்திருக்கும். வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் சிறு வால்வு வைத்த ஸ்ட்ரட்டும் விற்கிறார்கள். கொஞ்சம் கூடுதல் விசையில் வாங்கி, பொருத்திப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்தது குறைத்ததுதான், வீட்டில் திரும்ப ஏற்ற முடியாது. எடை துல்லியமாகத் தெரியாதவர்களுக்கு அது நல்ல வழி.

பொருத்தும் வேலையில் ஸ்ட்ரட் மாட்டுவது பத்து நிமிஷம். மற்றதெல்லாம் சட்டத்தைத் தயார் செய்வது. பழைய ஆஸ்திரேலியக் கேரவன்களில் அலுமினியத் தகட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் மரச்சட்டம். கூரை ஓரத்தில் ஒழுகியிருந்தால் அந்த மரம் உள்ளுக்குள் மட்கியிருக்கும், வெளியே தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கினால் ஸ்ட்ரட் யோசனையை ஒத்திவைத்து முதலில் மரத்தை மாற்றுங்கள். இதில் சமரசமே கூடாது. இதுவரை உங்கள் கை கூரையின் குறுக்குச்சட்டம் முழுவதையும் தள்ளியது. இனி ஸ்ட்ரட்டின் முனையை மாட்டும் நாலு சின்னப் பந்து ஆணிகள், அதாவது உருண்டைத் தலை ஆணிகள், நாலு புள்ளியில் மட்டும் தள்ளப்போகின்றன, கேரவன் மூடி நிற்கும் மாதங்களிலும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அதனால் ஆணியை நேராக மரத்தில் முறுக்காமல் பின்தகடு வைத்தோம். பன்னிங்ஸ் ஹார்ட்வேர் கடையில் வாங்கிய 3 மி.மீ. அலுமினியப் பட்டையை உள்ளங்கை நீளத்துக்கு அறுத்து, ஒவ்வொன்றையும் ஆறு ஸ்க்ரூவால் சட்டத்தோடு இறுக்கி, நடுவில் 8 மி.மீ. மரையுள்ள பந்து ஆணியைப் பூட்டினோம். துளை எல்லாவற்றிலும் பாலியூரிதேன் சீலன்ட். சிலிகான் தடவினால் பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது.

கூரையை முழுக்கத் திறந்து, மடக்குக் கைகள் பூட்டியதைச் சரிபார்த்து, அதையும் நம்பாமல் இரண்டு மரக்கட்டையை முட்டுக் கொடுத்த பிறகுதான் ஸ்ட்ரட்டை மாட்ட வேண்டும். விரிந்த நிலையில் அது சாதுவாக இருக்கும், பந்தின் மேல் வைத்து அழுத்தினால் 'க்ளிக்'. மடக்கி மாட்டலாம் என்று முயன்றால் வழுக்கி முகத்துக்கு வரும். முனைக்கு முனை 60 வந்தால் 61 சென்டிமீட்டர் ஸ்ட்ரட் வாங்குங்கள். கூரை ஏறி நிற்பது மடக்குக் கையின் பூட்டில்தான் இருக்க வேண்டும், ஸ்ட்ரட்டின் கடைசி முனையில் இடித்து நிற்கக் கூடாது. குழாய் மேலே கூரையோடும், கம்பி கீழே சுவரோடும் இருக்கட்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலின் மேல் தேங்கி நிற்கும். சீல் காய்ந்தால் வாயு கசியும், ஸ்ட்ரட்டின் ஆயுசு அவ்வளவுதான். கம்பியைக் கொறடால் பிடிக்காதீர்கள், பெயின்ட் தெறிக்க விடாதீர்கள், கிரீஸும் தடவாதீர்கள். கிரீஸில் ஒட்டும் செம்மண் உப்புத்தாள் மாதிரி சீலை அரித்துவிடும்.

இப்போது தள்ளினால் எப்படி இருக்கிறது? பின்பக்கம் முதல் தள்ளுக்கு 25 கிலோ பாக்கி. அது ஒன்றும் பூப்பறிப்பதல்ல, ஆனால் இரண்டு காலையும் ஊன்றி ஒருத்தி செய்துவிடலாம். பத்து சென்டிமீட்டர் எழுந்ததும் 12 கிலோவாகிறது. அதன் பிறகு விரல் நுனியில் போகிறது. முன்பக்கம் தொடக்கத்திலேயே 18, 19 கிலோதான்.

மூடும்போது கேரவனின் ஜன்னல் ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். உள்ளே மாட்டிய காற்று கேன்வாஸை வெளிப்பக்கம் உப்ப வைக்கும், உப்பிய துணி கூரைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். ஸ்ட்ரட் போட்ட பிறகு கூரை முன்னைவிட மெதுவாக இறங்குவதால் துணியை உள்ளே தள்ளிவிட நேரம் கிடைக்கிறது. அது எதிர்பாராத லாபம்.

வெளிக்கொக்கிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்பு கூரையின் முழு எடையும் அதைக் கீழே உட்கார வைத்தது. இப்போது மூடிய நிலையிலேயே ஸ்ட்ரட்டுகள் அதில் 29 கிலோ அளவுக்குத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்று தூக்கினால் அதை எதிர்க்க மிச்சம் இருப்பது 43 கிலோவும் கொக்கிகளும்தான். தேய்ந்த கொக்கியை ஸ்ட்ரட் போடும் அன்றே மாற்றுங்கள், வண்டி எடுக்கும் முன் ஒரு சுற்று நடந்து ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். திறக்கும்போதும் எல்லாக் கொக்கியையும் கழற்றிய பிறகே உள்ளே போங்கள். ஒரு மூலையில் மறந்த கொக்கி கூரையை முறுக்கிவிடும்.

கூரை 100 கிலோவைத் தாண்டுகிறது, அல்லது தோளில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர் தனியாகப் பயணம் போகிறார் என்றால் ஸ்ட்ரட்டோடு நிற்க வேண்டாம் என்பது என் கட்சி. மோட்டாரால் தூக்கும் ஏற்பாடு விலை அதிகம், ஆனால் அவர்களுக்கு அதுதான் சரி.

நம்மூரில் கேரவன் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் அடியில் பெட்டி வைத்து மேல்பலகை தூக்கும் 'ஹைட்ராலிக்' கட்டில் இப்போது எத்தனையோ வீடுகளில் வந்துவிட்டது. அதற்குள் இருப்பதும் இதே நைட்ரஜன் குழாய்தான், கணக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். பலகை, மெத்தை இரண்டின் எடையையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த விசையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். கனமான இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு லேசான ஃபோம் போட்டால் பலகை கீழே இறங்க அடம்பிடிக்கும். குழாய் பழசாகி வாயு குறைந்தாலோ, திறந்த பலகை தானே இறங்கத் தொடங்கும். அப்படி இறங்கும் கட்டிலுக்குள் குழந்தைகளைச் சாமான் எடுக்கக் குனிய விடாதீர்கள். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள். கடைக்காரரிடம் "ஸ்ட்ராங்கா குடுங்க" என்று கேட்காமல், மெத்தையோடு சேர்த்துப் பலகையின் எடை இவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள்.